கார் காப்பீட்டு வகைகள்: எந்தப் பாலிசி யாருடைய இழப்பை ஏற்கிறது?

புதுவழி:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகள் ஓடிய ஒரு காரை அதன் உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்கவிருக்கிறேன். காப்பீட்டுக்காக விசாரித்தபோது மூன்று வகைகளைச் சொன்னார்கள்: மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதனுடன் தீயும் திருட்டும் சேர்ந்தது, விரிவான காப்பீடு. மூன்றுக்கும் பிரீமியம் எவ்வளவு என்பதை விளக்கியவர்கள், மூன்றும் எந்தெந்தச் சூழலில் பணம் தரும், எந்தச் சூழலில் தராது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அதற்கு மேல் கூடுதல் காப்புகள் என்று ஒரு நீண்ட பட்டியலையும் நீட்டினார்கள்.

இங்கே பல நாடுகளில் வாழ்பவர்கள் இருக்கிறீர்கள் என்பதால், ஒரு நாட்டின் விதியை மட்டும் கேட்காமல், இந்த வகைகள் எந்த அடிப்படையில் பிரிக்கப்பட்டுள்ளன என்பதையே அறிய விரும்புகிறேன். அடிப்படை புரிந்துவிட்டால் என் பாலிசியின் வாசகங்களை நானே படித்துப் பொருள் கொள்ள முடியும் என்று நம்புகிறேன்.

அச்சாணி:

வணக்கம், புதுவழி. வகைகளின் பெயர்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு விபத்தில் யார் யாருக்கு என்னென்ன இழப்பு ஏற்படும் என்பதிலிருந்து தொடங்கினால் எல்லாம் தெளிவாகிவிடும். உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் காயம் அல்லது மரணம், பிறர் உடைமைக்கு ஏற்படும் சேதம், உங்கள் காருக்கு ஏற்படும் சேதம், உங்களுக்கும் உங்களுடன் பயணிப்பவர்களுக்கும் ஏற்படும் காயம் என்று நான்கு இழப்புகள் உள்ளன. சந்தையில் விற்கப்படும் ஒவ்வொரு பாலிசியும் இவற்றில் சிலவற்றை ஏற்று, சிலவற்றை விட்டுவிடுகிறது. கையில் உள்ள பாலிசி இந்த நான்கில் எதை ஏற்கிறது, எந்த வரம்பு வரை ஏற்கிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்பீடு முதல் இரண்டை மட்டுமே ஏற்கிறது. காப்பீட்டு நிறுவனம் ஒரு தரப்பு, நீங்கள் ஒரு தரப்பு, உங்கள் காரால் பாதிக்கப்பட்டவர் மூன்றாம் தரப்பு. நீங்கள் சட்டப்படி அவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உங்கள் சார்பில் நிறுவனம் தருகிறது. உங்கள் காரின் கதவு நசுங்கியதற்கு இந்தப் பாலிசியிலிருந்து எதுவும் கிடைக்காது.

இதை மட்டும் பல நாடுகளின் சட்டங்கள் கட்டாயமாக்கியதற்குக் காரணம் உண்டு. கார்கள் பெருகிய காலத்தில், விபத்தில் கால் இழந்த ஒருவர் வழக்கில் வென்றாலும், காரோட்டியிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதமாகவே இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1927 முதல் இக்காப்பீடு கட்டாயமானது. நியூசிலாந்து 1928-இலும் பிரிட்டன் 1930-இலும் சட்டம் இயற்றின. இந்தியாவில் இன்று நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவில் இதை வலியுறுத்துகிறது. ஆக, கட்டாயக் காப்பீடு உங்களைக் காப்பதற்காகப் பிறந்ததன்று. சாலையில் உங்களால் பாதிக்கப்படக்கூடிய முகம் தெரியாத மனிதருக்காகப் பிறந்தது. அதனால்தான், காரோட்டி பாலிசி நிபந்தனையை மீறியிருந்த பல வழக்குகளிலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி இந்திய நீதிமன்றங்கள் நிறுவனங்களுக்கு ஆணையிட்டிருக்கின்றன. பிரீமியம் கட்டும்போது இந்த நோக்கத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். காவலர் கேட்டால் காட்டுவதற்கான தாள் என்று இதைச் சிறுமைப்படுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது.

நிழற்சாலை:

அச்சாணி அவர்களின் விளக்கத்துடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கட்டாயக் காப்பீடு என்ற ஒரே பெயரின் கீழ் நாட்டுக்கு நாடு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒரு நாட்டில் கார் ஓட்டிப் பழகியவர் இன்னொரு நாட்டுக்குக் குடிபெயரும்போது, பழைய நாட்டின் புரிதலையே சுமந்து வந்து ஏமாந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் வாகனப் பதிவோடு இணைந்த கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீடு மனிதர்களுக்கு ஏற்படும் காயத்தையும் மரணத்தையும் மட்டுமே ஏற்கிறது. நீங்கள் இன்னொருவரின் விலையுயர்ந்த காரை இடித்துவிட்டால் அதற்கான செலவை இந்தக் காப்பீடு தராது. அதற்கு மூன்றாம் தரப்பு உடைமைக் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும். நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காயங்களை அரசின் விபத்து இழப்பீட்டுக் கழகமே ஏற்றுக்கொள்கிறது. கார்க் காப்பீடு அங்கே இப்போது சட்டப்படி கட்டாயமில்லை. தென்னாப்பிரிக்காவில் சாலை விபத்து நிதியம் எரிபொருளின் மீது விதிக்கப்படும் தீர்வையிலிருந்து காயங்களுக்கான இழப்பீட்டைத் தருகிறது. இந்த இரு நாடுகளிலும், பிறர் காருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதம் உங்கள் சொந்தப் பொறுப்பாகவே நிற்கிறது.

வரம்பும் முக்கியம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பொறுப்புக் காப்பீடு (மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கு அங்குள்ள பெயர்) மூன்று எண்களால் குறிக்கப்படும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் குறைந்தபட்சம் 30/60/15 என்று உயர்த்தப்பட்டது. காயமடைந்த ஒருவருக்கு 30,000 டாலர் வரை, ஒரே விபத்தில் காயமடைந்த அனைவருக்கும் சேர்த்து 60,000 டாலர் வரை, உடைமைச் சேதத்துக்கு 15,000 டாலர் வரை என்று இதைப் படிக்க வேண்டும். அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாக அது 15/30/5 என்றே இருந்தது. ஒரு பெரிய அறுவை சிகிச்சையின் செலவை எண்ணிப் பார்த்தால், இந்தக் குறைந்தபட்சம் எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகும் என்பது விளங்கும். மீதியை நீதிமன்றம் உங்கள் சொத்திலிருந்து கேட்கலாம். இதற்கு மாறாக, பிரிட்டனிலும் இந்தியாவிலும் பிறர் உயிருக்கும் உடலுக்கும் ஏற்படும் தீங்குக்கான பொறுப்புக்குத் தொகை வரம்பு இல்லை. இந்தியத் தனியார் கார் பாலிசியில் பிறர் உடைமைச் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் ரூபாய் என்ற வரம்பு உண்டு. வரம்பைப் படிக்காமல் வகையின் பெயரை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடாதீர்கள்.

புதுவழி:

மிக்க நன்றி. நான்கு இழப்புகள் என்ற பிரிவு எனக்கு மிகவும் உதவுகிறது. ஆனால் நான்காவதில் ஒரு ஐயம். என் காரில் பயணிக்கும் என் தாயாரோ நண்பரோ காயமடைந்தால் அவர்கள் மூன்றாம் தரப்பாகக் கருதப்படுவார்களா? விபத்து என் தவறால் நேர்ந்து நானே காயமடைந்தால் எனக்கு யார் தருவார்கள்?

மருதநிழல்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. தவறு செய்த ஓட்டுநர் பொதுவாகத் தனக்குத் தானே மூன்றாம் தரப்பாக முடியாது. ஆகவே அவருடைய காயத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு பெரும்பாலும் எதுவும் தராது. அதற்கென்று தனிக் காப்பு வேண்டும். இந்தியாவில் உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது பொருந்தும் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய்க்கு வைக்கப்பட்டுள்ளது. ஆனால் அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்குமானது, மருத்துவமனைச் செலவுக்கானது அன்று. இந்த வேறுபாட்டை விற்பவர்கள் சொல்வதே இல்லை. எலும்பு முறிந்து ஒரு மாதம் படுத்திருப்பவருக்கு இந்தக் காப்பு பயன்படாது. மருத்துவக் காப்பீடுதான் கைகொடுக்கும்.

அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் யார் தவறு என்று பாராமல் அவரவர் காப்பீட்டு நிறுவனமே அவரவர் மருத்துவச் செலவைத் தரும் முறை உள்ளது. மிச்சிகனில் 1973-இல் இது நடைமுறைக்கு வந்தது. நீண்டகாலம் மருத்துவச் செலவுக்கு உச்ச வரம்பே இல்லாமல் இருந்து, 2020 ஜூலை முதல் வரம்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை காப்பீடு பெறுபவருக்கு வந்தது. பிரீமியம் குறைகிறது என்று மிகக் குறைந்த வரம்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் தங்கள் மருத்துவக் காப்பீடு கார் விபத்தை ஏற்கிறதா என்று முன்கூட்டியே சரிபார்ப்பது அவசியம்.

உங்கள் தாயாரைப் பற்றிய கேள்விக்கு விடை நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் பயணிகளும் கட்டாயக் காப்பீட்டுக்குள் வருகிறார்கள். இந்தியாவிலோ, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மூன்றாம் தரப்புப் பாலிசி தனியார் காரில் கட்டணமின்றிப் பயணிப்பவரைக் காக்காது என்றும், விரிவான பாலிசி அவரையும் காக்கும் என்றும் உச்ச நீதிமன்றம் வேறுபடுத்தியிருக்கிறது. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் ஒருவர் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது, காரின் மதிப்பை விட இதைத்தான் முதலில் எண்ண வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கணக்குநூல்:

நடுவில் உள்ள வகையை யாரும் இன்னும் தொடவில்லை. மூன்றாம் தரப்புடன் தீயும் திருட்டும் சேர்ந்த பாலிசி, உங்கள் கார் எரிந்துபோனாலோ களவுபோனாலோ பணம் தரும். நீங்களே ஒரு மதிலில் மோதினால் தராது. அதாவது உங்கள் காருக்கு வரும் சேதத்தை அது காரணத்தின்படி இரண்டாகப் பிரித்து, ஓட்டுநரின் கையில் இல்லாத சில காரணங்களை மட்டும் ஏற்கிறது.

இந்தப் பிரிவை ஜெர்மானியர்கள் மிக நுட்பமாகச் செய்திருக்கிறார்கள். அங்கே பகுதிக் காப்பு என்ற வகை தீ, திருட்டு, புயல், ஆலங்கட்டி மழை, வெள்ளம், கண்ணாடி உடைதல், காட்டு விலங்கின் மீது மோதுதல் ஆகியவற்றை ஏற்கும். எஞ்சின் அறைக்குள் புகுந்து குழாய்களையும் கம்பிகளையும் கடித்துவிடும் மார்ட்டன் என்னும் சிறு விலங்கின் சேதம்கூட அந்தப் பட்டியலில் இடம்பெறுவது வழக்கம். ஓட்டுநரே ஏற்படுத்திய மோதலுக்கும், பிறர் வேண்டுமென்றே செய்த சேதத்துக்கும் முழுக் காப்பு என்ற அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

அமெரிக்காவில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே காம்ப்ரிஹென்சிவ், அதாவது விரிவான காப்பீடு, என்று விற்கப்படுவது மோதலை ஏற்காது. தீ, திருட்டு, மரம் விழுதல், விலங்கு மோதல் போன்றவற்றுக்கானது. மோதலுக்கு கொலிஷன் என்ற காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் அதே பெயரில் விற்கப்படும் பாலிசி மூன்றாம் தரப்பு, மோதல், இயற்கைச் சீற்றம் எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளடக்கியது. எனவே மார்ட்டனைக் கூட நினைவில் வைத்துப் பட்டியலிட்ட ஒரு நாட்டின் பாலிசியைப் போல உங்கள் பாலிசியும் காரணங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதா என்று பாருங்கள்.

நேர்கோடு:

மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன். ஏழு ஆண்டுப் பழைய காருக்கு இவ்வளவு யோசனை வேண்டியதில்லை. கார் பழையதானால் அதன் மதிப்பு குறைந்துவிடுகிறது. மதிப்பு குறைந்த பொருளுக்கு விரிவான காப்பீடு வீண் செலவு. சட்டம் கேட்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பிரீமியத்தைச் சேமித்து வந்தால் அதுவே பழுதுபார்க்கும் நிதியாகும். பலரும் சொல்லும் இந்த வழியில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

அச்சாணி:

நேர்கோடு அவர்களே, உங்கள் வழி சிலருக்குப் பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் காரின் வயதை அளவுகோலாக வைப்பதை ஏற்க முடியவில்லை. நாளைக் காலை அந்தக் கார் முற்றிலும் அழிந்துபோனால், கடன் வாங்காமல் இன்னொரு காரை வாங்க முடியுமா, அல்லது கார் இல்லாமலே வேலைக்குச் சென்று வர முடியுமா என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். முடியும் என்பவர் புதிய காருக்குக்கூட இழப்பைத் தாமே தாங்கலாம். முடியாது என்பவருக்கு, சந்தை மதிப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அந்தக் கார் பெரிய சொத்துதான். சேமிப்பு நிதி பெருகுவதற்குள் முதல் ஆண்டிலேயே விபத்து நேர்ந்தால் அந்தத் திட்டம் உதவாது.

மூன்றாம் தரப்புப் பாலிசிதான் எப்போதும் மலிவு என்பதும் எல்லா இடங்களிலும் உண்மையன்று. பிரிட்டனில் சில ஓட்டுநர்களுக்கு விரிவான பாலிசியை விட மூன்றாம் தரப்புப் பாலிசிக்கு அதிக விலை சொல்லப்படுகிறது. குறைந்த காப்பைத் தேடி வருபவர்களில் இளைஞர்களும் அதிக விபத்துகளைச் சந்திப்பவர்களும் மிகுதி என்பதால், அந்தக் குழுவுக்கான இழப்பீட்டுச் செலவு கூடுதலாகி, பிரீமியமும் உயர்கிறது. ஆகவே மூன்று வகைகளுக்கும் விலை கேட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. தவறு மற்றவருடையதாக இருந்தாலும், உங்களிடம் விரிவான பாலிசி இருந்தால் உங்கள் நிறுவனம் முதலில் உங்கள் காரைச் சரிசெய்துகொடுத்துவிட்டு, அந்தத் தொகையை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமையைத் தான் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் வைத்திருப்பவர் அந்தப் பணத்துக்காகத் தாமே அலைய வேண்டும்.

கணக்குநூல்:

விரிவான பாலிசி எடுத்தால் முழுப் பணமும் வந்துவிடும் என்று எண்ணுபவர்களுக்காக, பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பார்வையில் இந்த விவாதத்தின் மையமே இதுதான். வகைகளைப் பற்றிப் பேசும் பலரும் இந்த இடத்துக்கு வருவதற்குள் களைத்துவிடுகிறார்கள்.

கார் முற்றிலும் அழிந்தாலோ களவுபோனாலோ, எந்த மதிப்பின்படி தருவார்கள் என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, இழப்பு நேர்ந்த நாளில் அந்தக் காரின் சந்தை மதிப்பு. மற்றொன்று, பாலிசி தொடங்கும்போதே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிவைத்த மதிப்பு. இந்தியாவில் ஐ.டி.வி. என்று அழைக்கப்படும் காப்பீட்டு மதிப்பு இரண்டாவது முறையைச் சேர்ந்தது. புதிய காரின் விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்து அது வருவிக்கப்படுகிறது: ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை 20 விழுக்காடு, நான்கிலிருந்து ஐந்தாண்டு வரை 50 விழுக்காடு. ஐந்தாண்டைக் கடந்த காருக்கு அட்டவணை இல்லை. நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதே மதிப்பு. புதுவழி வாங்கும் காருக்கு இது நேரடியாகப் பொருந்தும். பிரீமியத்தைக் குறைப்பதற்காக மதிப்பைக் குறைத்து எழுதும்படி சிலர் ஆலோசனை சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள், சேமிப்பு சிறிது, இழப்பின்போது குறைவது பெரிது. அந்த நாட்டு விதிப்படி பழுதுபார்க்கும் செலவு இந்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதப்படும்.

இந்தியாவில் பகுதிச் சேதமானால் உதிரிபாகங்களின் தேய்மானம் கழிக்கப்படும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பேட்டரி ஆகியவற்றுக்கும் 50 விழுக்காடு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து, ஐந்திலிருந்து பத்தாண்டுக் காருக்கு 40 விழுக்காடு. ஒரு கணக்கைப் பாருங்கள். ஏழு ஆண்டுக் காரின் முன்பக்கம் நசுங்கி, பிளாஸ்டிக் பாகங்களுக்கு 20,000, உலோகப் பாகங்களுக்கு 20,000, கூலிக்கு 10,000 என்று 50,000 ஆகிறது என்று கொள்வோம். பிளாஸ்டிக்குக்கு 10,000, உலோகத்துக்கு 12,000, கூலிக்கு முழுமையாக 10,000 என்று 32,000 வரும். அதிலிருந்து ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் கட்டாயமாக ஏற்க வேண்டிய தொகை 1,000 கழிந்தால் 31,000. மீதி 19,000 உங்கள் கையிலிருந்து போகும். வண்ணம் பூசும் செலவைச் சேர்க்காத கணக்கு இது. அதிலும் பூச்சுப் பொருளுக்குக் கழிவு உண்டு.

இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் ஜீரோ டெப் எனப்படும் தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு விற்கப்படுகிறது. ஆனால் அது பெரும்பாலும் புதிய கார்களுக்கே கிடைக்கும். ஏழு ஆண்டுக் காருக்குச் சில நிறுவனங்கள் மறுத்துவிடலாம். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நேர்கோடு:

இந்தக் கணக்கு என் வாதத்தை ஓரளவு வலுப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். சிறு விபத்துகளில் பழைய காருக்கு விரிவான பாலிசி தரும் பயன் குறைவு. ஆனாலும் பயணிகளைப் பற்றி மருதநிழல் சொன்னதும், முழு இழப்பைப் பற்றி அச்சாணி சொன்னதும் என்னைச் சிந்திக்க வைக்கின்றன. குடும்பத்துடன் பயணிப்பவர்களுக்கு என் ஆலோசனையை இனி அப்படியே சொல்ல மாட்டேன்.

நீரோட்டம்:

கூடுதல் காப்புகளில் எஞ்சின் காப்பைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் வெள்ளம் வரும் ஒவ்வொரு முறையும் இதே துயரம் திரும்ப நிகழ்கிறது. விரிவான பாலிசி வெள்ளத்தை ஏற்கிறது என்பது உண்மை. நின்றிருந்த காருக்குள் நீர் புகுந்து இருக்கைகளும் மின்கம்பிகளும் கெட்டால் பணம் கிடைக்கும். ஆனால் நீரில் நின்றுபோன காரை உரிமையாளர் பதற்றத்தில் மீண்டும் மீண்டும் இயக்க முயலும்போது, சிலிண்டருக்குள் சென்ற நீர் அமுங்க மறுத்து, பிஸ்டனை இணைக்கும் தண்டை வளைத்துவிடுகிறது. இந்தச் சேதம் வெள்ளத்தால் நேரடியாக வந்ததன்று, பின்விளைவாக வந்தது என்று கூறி நிறுவனங்கள் பொதுவாக மறுக்கின்றன. எஞ்சின் காப்பு சேர்த்திருந்தால்தான் இது அடங்கும். சில பாலிசிகளில் அதைச் சேர்த்தும், இயக்க முயன்ற செயலை விலக்காக எழுதியிருப்பார்கள். எனவே எந்தக் காப்பு இருந்தாலும், நீரில் நின்ற காரைச் சாவி போட்டுப் பார்க்காமல் இழுத்துச் செல்லுங்கள்.

இயல்பான தேய்வு, இயந்திரக் கோளாறு, குடித்துவிட்டு ஓட்டியது, உரிமம் இல்லாமல் ஓட்டியது, தனியார் காரை வாடகைக்கு விட்டது ஆகியவை பெரும்பாலான பாலிசிகளில் உங்கள் காரின் சேதத்துக்கு விலக்காக இருக்கும். கடன் வாங்கிக் கார் வாங்குபவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: காப்பீட்டு மதிப்பு கடன் பாக்கியை விடக் குறைவாக இருக்கும் காலம் உண்டு. அந்தக் காலத்தில் கார் முற்றிலும் அழிந்தால், இல்லாத காருக்குத் தவணை கட்ட நேரிடும். அந்த வேறுபாட்டை ஏற்கும் காப்பு பல நாடுகளில் தனியாக விற்கப்படுகிறது.

மருதநிழல்:

மோதிவிட்டு நிற்காமல் போனவர்களையும் காப்பீடே இல்லாதவர்களையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் 1946-இல் அமைக்கப்பட்ட மோட்டார் காப்பீட்டாளர் பணியகம் இத்தகைய விபத்துகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தருகிறது. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி, அடையாளம் தெரியாத வாகனத்தால் மரணம் நேர்ந்தால் இரண்டு லட்சம் ரூபாயும், கடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். அமெரிக்காவில் காப்பீடற்ற ஓட்டுநருக்கு எதிரான காப்பு என்பதை நம் பாலிசியிலேயே சேர்க்கலாம். அதைத் தவிர்க்க வேண்டாம் என்பேன்.

நிழற்சாலை:

புதுவழி அவர்களே, நீங்கள் வாங்குவது ஒருவர் கையிலிருந்து வரும் கார் என்பதால், பாலிசி மாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விற்பவர், பாலிசி இன்னும் எட்டு மாதங்களுக்கு இருக்கிறது, அதனால் கவலை வேண்டாம் என்று சொல்லக்கூடும். பிரிட்டனில் அவருடைய பாலிசி உங்களிடம் வந்து சேர்வதே இல்லை. அது அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவின்படி மூன்றாம் தரப்புப் பகுதி உரிமை மாற்றத்தோடு உங்களுக்கு மாறியதாகக் கருதப்படும். 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்தை ஏற்கும் சொந்தச் சேதப் பகுதி அவ்வாறு தானாக மாறாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாற்றாமல் ஓட்டி, விபத்துக்குப் பிறகு நிறுவனத்திடம் சென்றால், பிறருக்குச் சேர வேண்டியது சேரும். உங்கள் காருக்கான கோரிக்கை மறுக்கப்படும்.

கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடியும் விற்பவருடையதுதான். காருடன் சேர்ந்து வராது. இந்தியாவில் அது முதல் ஆண்டுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி 25, 35, 45 என்று உயர்ந்து 50-இல் நிற்கிறது, சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டும். அவர் பெற்றுவந்த தள்ளுபடிக்கான வேறுபாட்டைப் பெயர் மாற்றத்தின்போது நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும். பிறகு உங்களுக்கென்று அது சேரத் தொடங்கியதும், சிறிய கீறலுக்குக் கோரிக்கை வைக்கும் முன், கிடைக்கும் தொகையையும் அடுத்த ஆண்டு இழக்கும் தள்ளுபடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த தள்ளுபடி முழுவதும் போய்விடும்.

புதுவழி:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்தக் கார் இல்லாமல் என்னால் வேலைக்குச் செல்ல முடியாது. பெற்றோரும் அதில் பயணிப்பார்கள். ஆகவே விரிவான பாலிசியையே எடுக்கப் போகிறேன். சிறு சேதங்களை நானே பார்த்துக்கொள்ள முடியும் என்பதால், நான் ஏற்கும் தொகையை விருப்பத்தின் பேரில் சற்று உயர்த்திப் பிரீமியத்தைக் குறைக்கலாமா என்று எண்ணுகிறேன். தேய்மானக் கழிவுடன் அதுவும் சேர்ந்தால் சுமை மிகுதியாகிவிடுமா?

கணக்குநூல்:

உயர்த்தலாம், ஆனால் நீங்களே குறிப்பிட்டபடி இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும். நான் காட்டிய அதே கணக்கில் விருப்பத் தொகையாக 5,000 சேர்த்தால், கிடைப்பது 26,000 ஆகவும் உங்கள் பங்கு 24,000 ஆகவும் மாறும். தொகையை உயர்த்தாமல் ஒரு விலை, உயர்த்தி ஒரு விலை என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுக்குக் குறையும் பிரீமியம் சில நூறு மட்டுமே என்றால் அந்த ஒப்பந்தம் உங்களுக்குப் பயனில்லை.

அச்சாணி:

ஒன்றே ஒன்று மீதமிருக்கிறது. பழைய காருக்குப் புதிதாகச் சொந்தச் சேதக் காப்பு தரும் முன், குறிப்பாக முந்தைய பாலிசி இடையில் விட்டுப்போயிருந்தால், நிறுவனம் காரை நேரில் அல்லது படங்கள் வழியாகச் சோதிக்கும். அப்போதுள்ள கீறல்களும் நசுங்கல்களும் பதிவாகும். அவற்றுக்குப் பின்னாளில் கோர முடியாது. நீங்களும் அதே நாளில் காரின் நான்கு பக்கங்களையும், ஓடிய தூரம் காட்டும் மீட்டரையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் காப்பு தொடங்கும் நாளோடு நேரமும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நேரத்துக்குப் பிறகே சாவியை வாங்குங்கள். விற்பவரிடம் அதற்கேற்ப நாள் குறித்துவிட்டால் அவருக்கும் சிரமம் இராது.